மறுமுனையில் ஒரு பழைய கப்பல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் சாதனைகளை நாம் யார் பெயரால் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. எனக்கு முன்னால் பேசியவர்கள் விஞ்ஞானிகளைப் பற்றியும் விண்வெளி வீரர்களைப் பற்றியும் சிறப்பாகப் பேசினார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் போர்க்கப்பல் அல்ல, உல்லாசக் கப்பல் அல்ல. மூட்டை முடிச்சுகளை ஏற்றி இறக்கிய ஒரு பழைய சரக்குக் கப்பல். அதன் பெயர் கிங்ஸ்போர்ட்.

தொலைபேசியில் பேச எத்தனை பேர் வேண்டும்? இரண்டு பேர். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் துணைக்கோளம் என்றதும் நாம் வானத்தை மட்டும் அண்ணாந்து பார்க்கிறோம். மேலே ஏவியவரைப் பாராட்டுகிறோம். கீழே, மறுமுனையில், அந்தக் குரலை வாங்கிக்கொள்ள ஒருவர் காத்திருந்தாரே, அவரை மறந்துவிடுகிறோம். கிங்ஸ்போர்ட் அப்படி மறுமுனையில் காத்திருந்த கப்பல்.

போருக்குப் பிறந்த பிள்ளை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. மூழ்கும் வேகத்தைவிட வேகமாகக் கப்பல் கட்டினால்தான் போரில் நிற்க முடியும் என்ற நிலை. அமெரிக்கா முதலில் 'லிபர்ட்டி' வகைக் கப்பல்களைக் கட்டியது. மொத்தம் 2,710 கப்பல்கள். கட்டுவதற்கு எளிது, ஆனால் வேகம் மணிக்குப் பதினொரு கடல் மைல்தான். சிலவற்றின் உடல் குளிர்ந்த கடலில் விரிசல் விட்டது. ஒரு சில இரண்டாகவே பிளந்தன.

அந்தக் குறைகளைத் திருத்தி 1944ஆம் ஆண்டில் வந்தவைதான் 'விக்டரி' வகைக் கப்பல்கள். 455 அடி நீளம். நீராவிச் சுழலியால் இயங்கும். மணிக்கு 15 முதல் 17 கடல் மைல் வேகம். கப்பலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களின் இடைவெளியை 30 அங்குலத்திலிருந்து 36 அங்குலமாக்கினார்கள். உடல் சற்று வளைந்து கொடுத்தது, விரிசல் குறைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட விக்டரி கப்பல்கள் கட்டப்பட்டன. நேச நாடுகளின் பெயர்கள், பிறகு அமெரிக்க ஊர்களின் பெயர்கள், கல்லூரிகளின் பெயர்கள் என்று சூட்டினார்கள்.

டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட் என்றோர் ஊர் உண்டு. போர்க்காலத்தில் அங்கே பெரிய வெடிமருந்து ஆலை இயங்கியது. அந்த ஊரின் பெயரைத் தாங்கி, லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் இருந்த கலிஃபோர்னியா கப்பல் கட்டும் தளத்திலிருந்து, 1944 மே மாத இறுதியில் 'கிங்ஸ்போர்ட் விக்டரி' நீரில் இறங்கியது. அதற்கு அடுத்த வாரம்தான் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. போருக்காகப் பிறந்த பிள்ளை என்று இதைச் சொல்வதில் தவறில்லை.

போர் முடிந்தது. பல விக்டரி கப்பல்கள் விற்கப்பட்டன. பல, ஆறுகளின் முகத்துவாரங்களில் வரிசையாகக் கட்டிப் போடப்பட்டன. கிங்ஸ்போர்ட் விக்டரி 1950இல் அமெரிக்கக் கடற்படையின் போக்குவரத்துப் பிரிவுக்கு வந்தது. அங்கும் அதே வேலைதான்: சரக்கு ஏற்றுவது, சரக்கு இறக்குவது. ஓட்டியவர்களும் கடற்படை வீரர்கள் அல்லர்; சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரணக் கப்பல் தொழிலாளர்கள். அதன் கதை அத்தோடு முடிந்திருந்தால் இன்று நான் இங்கே நின்று பேச வேண்டிய தேவையே இருந்திருக்காது.

முதுகில் ஒரு வெள்ளைப் பந்து

இப்போது கதை கடலிலிருந்து வானத்துக்குப் போகிறது.

பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், பூமி ஒருமுறை சுழல எடுக்கும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு மேலே இருந்தால், கீழிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில், 1956 முதல், இலங்கையையே தம் வீடாக்கிக்கொண்ட அதே கிளார்க்தான்.

எழுதுவது எளிது. அவ்வளவு உயரத்துக்கு யார் கொண்டுபோவது? 1962 ஜூலையில் ஏவப்பட்ட டெல்ஸ்டார் துணைக்கோளம் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பி உலகையே வியக்க வைத்தது. ஆனால் அது தாழ்வாகப் பறந்தது. அடிவானத்தில் எழுந்து, சிறிது நேரத்தில் மறுபக்கம் மறைந்துவிடும். பேச்சு நடுவிலேயே அறுந்து போகும்.

அமெரிக்க ராணுவம் 'அட்வென்ட்' என்ற பெயரில் உயரமான பாதைக்கு ஒரு பெரிய துணைக்கோளத்தைத் திட்டமிட்டது. மேலே துணைக்கோளம் நின்றால் கீழே நிலையம் வேண்டும் அல்லவா? கண்ட கண்ட நாட்டில் போய் நிலம் கேட்டு, அனுமதி வாங்கி, கட்டடம் கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அப்போதுதான் ஒருவருக்கு அந்த யோசனை தோன்றியிருக்க வேண்டும்: நிலையத்தையே ஒரு கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன?

1961இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் இருந்த கப்பல் பட்டறைக்கு நம் கப்பலைக் கொண்டுபோனார்கள். சரக்குக் கிடங்குகள் மின்னணுக் கருவி அறைகளாயின. மேல்தளத்தில் 30 அடி அகலத் தட்டு அலைவாங்கி ஒன்றைப் பொருத்தினார்கள். காற்றும் உப்பும் அதைக் கெடுத்துவிடாமல் இருக்க, 53 அடி குறுக்களவுள்ள பிளாஸ்டிக் கூடு ஒன்றை அதன் மேல் மூடினார்கள். உள்ளே காற்றழுத்தம் கொடுத்து விறைப்பாக நிறுத்தப்பட்ட கூடு அது. தூரத்திலிருந்து பார்த்தால், கப்பல் தன் முதுகில் பிரம்மாண்டமான வெள்ளைப் பந்தொன்றைச் சுமந்து போவது போலிருக்கும். பெயரிலிருந்த 'விக்டரி', அதாவது 'வெற்றி', நீக்கப்பட்டது. வெறும் கிங்ஸ்போர்ட் ஆயிற்று. உலகின் முதல் துணைக்கோளத் தொடர்புக் கப்பல் அது.

இதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக் கூரையில் சிறிய தட்டைப் பொருத்த வருபவர், இம்மி இம்மியாகத் திருப்பி, படம் வருகிறதா வருகிறதா என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். வீடு ஆடாது. கப்பல் ஆடும். பக்கவாட்டில் சாயும், முன்னும் பின்னும் எழும், நங்கூரம் போட்டாலும் மெல்லத் திரும்பும். அந்த ஆட்டத்தையெல்லாம் சுழல் கருவிகளால் நொடிக்கு நொடி அளந்து, தட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு பாகைக்கும் குறைவான குறியில் வைத்திருக்க வேண்டும். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை. அதை 1960களின் தொடக்கத்திலேயே செய்தார்கள்.

காத்திருந்த காலம்

கப்பல் ஆயத்தமாயிற்று. துணைக்கோளம்தான் வரவில்லை! அட்வென்ட்டின் எடை கூடிக்கொண்டே போனது; அதைத் தூக்க வேண்டிய சென்டார் உந்துகணை 1962 மே மாதச் சோதனையில் வெடித்தது. அதே மாதம் அட்வென்ட் திட்டம் கைவிடப்பட்டது. மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டுப் பந்தல் போல நின்றது கிங்ஸ்போர்ட்.

இன்னொரு பக்கத்தில், கலிஃபோர்னியாவில் ஹியூஸ் நிறுவனத்தில் ஹெரால்ட் ரோசன் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் வேறு வழியில் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாக ஏன் செய்ய வேண்டும்? சிறியதாக, பம்பரம் போல் சுழன்று தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் துணைக்கோளம் போதாதா? அந்தச் சிந்தனைதான் 'சின்காம்' ஆயிற்று. சுற்றுப்பாதையில் அதன் எடை வெறும் 39 கிலோ. அதன் ஒலிபரப்பு ஆற்றல் 2 வாட். கைவிளக்கில் எரியும் பல்பின் அளவுக்குத்தான் சக்தி. அந்தச் சன்னமான முணுமுணுப்பை 36,000 கிலோமீட்டருக்குக் கீழிருந்து கேட்க வேண்டுமானால், கீழே கூர்மையான காது வேண்டும். அட்வென்ட்டுக்காகச் செய்த காதும் இருந்தது. அதைச் சுமக்கும் கப்பலும் இருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு, நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்குப் போனது கிங்ஸ்போர்ட்.

1963 பிப்ரவரி 14. சின்காம் 1 ஏவப்பட்டது. சில மணி நேரம் எல்லாம் சரியாகவே நடந்தது. இறுதிப் பாதைக்குத் தள்ளும் உந்துபொறி எரிந்த சில விநாடிகளில் துணைக்கோளம் ஊமையாயிற்று. உள்ளே இருந்த நைட்ரஜன் கலன் வெடித்திருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். வடிவமைப்பைத் திருத்தினார்கள். ஒரு திட்டம் ரத்து, ஒரு துணைக்கோளம் ஊமை. ஆனாலும் கப்பலைக் கழற்றிப் போடவில்லை, மறுபடி காத்திருந்தார்கள். சாதனை என்றால் நாம் ஏவும் நாளைத்தான் எண்ணுகிறோம். காத்திருந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை.

1963 ஜூலை 26. சின்காம் 2 ஏவப்பட்டது. இம்முறை பேசியது. பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றிய முதல் துணைக்கோளம் அதுதான். முற்றிலும் அசையாமல் நிற்கவில்லை. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 33 பாகை சாய்ந்திருந்ததால், நாளுக்கொருமுறை வடக்கும் தெற்குமாக எட்டு வடிவில் நடந்தது. கப்பலின் தட்டு அதைப் பின்தொடர்ந்தது.

கப்பலில் ஏறிய பிரதமர்

1963 ஆகஸ்ட் 23ஆம் தேதிக்கு வருவோம். வாஷிங்டனில் அதிபர் ஜான் கென்னடி தொலைபேசியை எடுத்தார். அவருடைய குரல் கம்பி வழியாக நியூ ஜெர்சி மாநிலத்து நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து சின்காமுக்கு ஏறியது. சின்காமிலிருந்து லாகோஸ் துறைமுகத்தில் நின்ற கிங்ஸ்போர்ட்டில் இறங்கியது. அங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நைஜீரியப் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா. இரு நாடுகளின் அரசாங்கத் தலைவர்கள் துணைக்கோளத்தின் வழியே நேருக்கு நேர் உரையாடியது உலகில் அதுவே முதல் முறை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நைஜீரியா விடுதலை பெற்று மூன்றாண்டுகூட நிறையவில்லை. 1960 அக்டோபர் முதல் தேதிதான் அதன் கொடி ஏறியது. அந்த நாட்டின் பிரதமர், உலகின் வல்லரசுத் தலைவரோடு சரிக்குச் சரியாகப் பேசுகிறார். பேசும் இடம் மாளிகை அல்ல. பத்தொன்பது வயதான பழைய சரக்குக் கப்பல்.

அந்த உரையாடலில் இன்னொரு சோதனையும் அடங்கியிருந்தது. மேலே 36,000, கீழே 36,000 என்று ஒவ்வொரு சொல்லும் 72,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். நாம் கேட்டு, பதில் வந்து சேர அரை விநாடி. இந்தத் தாமதத்தோடு மனிதர்களால் இயல்பாகப் பேச முடியுமா என்று பெரிய தொலைபேசி நிறுவனங்களின் வல்லுநர்களே சந்தேகப்பட்டார்கள். தாழப் பறக்கும் துணைக்கோளங்களே போதும் என்று வாதிட்டார்கள். பேச முடியும் என்று வாதத்தால் நிறுவ இயலாது. பேசித்தான் காட்ட வேண்டும். பேசிக் காட்டினார்கள். சின்காம் 2 ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொலைபேசி உரையாடலைத்தான் சுமக்கும். அந்த ஒற்றை இணைப்பை வைத்துக்கொண்டு முதல் ஓராண்டில் 110 பொதுச் செயல்விளக்கங்களை நடத்தினார்கள்.

அதன் பிறகு வளர்ச்சி வேகமெடுத்தது. 1964இல் சின்காம் 3 தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1965 ஏப்ரலில் சின்காமின் வழியில் அமைந்த 'ஏர்லி பேர்ட்' வணிகச் சேவைக்காக ஏவப்பட்டது. அந்த இன்டெல்சாட் குடும்பம்தான் பிறகு நம் வட்டாரத்துக்கும் வந்தது. 1971 அக்டோபரில் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் முதல் துணைக்கோள நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் வெளியூர்ச் செய்தியையும் விளையாட்டையும் அந்த நேரத்திலேயே பார்க்கும் வாய்ப்பு இங்கே விரிந்தது. லாகோஸ் துறைமுகத்துக்கும் நம் வீட்டு வரவேற்பறைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை

நேயர்களே, இதை இனிப்பான கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

அந்த உரையாடல் நடந்து மூன்று மாதம் நிறைவதற்கு முன்பே, 1963 நவம்பர் 22ஆம் தேதி, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1966 ஜனவரியில் நடந்த ராணுவப் புரட்சியில் பலேவா கடத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே நைஜீரியா உள்நாட்டுப் போரில் விழுந்தது. தொடர்பு வசதி பெருகினால் மனிதர்களிடையே அமைதியும் பெருகும் என்று நம்பியவர்களுக்குக் காலம் சொன்ன பதில் அது.

சின்காம் துணைக்கோளங்களும் 1965இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் கைக்கு மாறின. ஒலிம்பிக் பந்தயங்களைக் காட்டிய அதே வழி வியட்னாம் போரின் தகவல்களுக்கும் வழியாயிற்று.

'ஆராய்ச்சி' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். கிங்ஸ்போர்ட்டோடு பிறந்த விக்டரி கப்பல்கள் இன்னும் சில, ஆராய்ச்சிக் கப்பல்களாக மாற்றப்பட்டன. பவ்டிச், டட்டன், மைக்கெல்சன் ஆகிய மூன்றும் கடலடித் தரையை அளந்தன. அந்த அளவுகள் அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகளுக்குத் தேவைப்பட்டன. 'சிம்மன்ஸ் விக்டரி' என்ற சரக்குக் கப்பல் 'லிபர்ட்டி' என்ற பெயரில் 'தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கப்பல்' ஆனது. உண்மையில் அது பிறர் பேச்சை ஒட்டுக்கேட்ட உளவுக் கப்பல். 1967 ஜூன் 8ஆம் தேதி, ஆறு நாள் போரின்போது, இஸ்ரேலிய விமானங்களும் படகுகளும் அதைத் தாக்கின. 34 பேர் மாண்டார்கள். தவறுதலாக நடந்தது என்று இஸ்ரேல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. உயிர் தப்பியவர்களில் பலர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

நம் கிங்ஸ்போர்ட்டும் வானத்தோடு நின்றுவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் அந்த வெள்ளைப் பந்தைக் கழற்றினார்கள். கடலுக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் வேலைக்கு அதை அனுப்பினார்கள். நீருக்கடியில் ஒலியைப் புரிந்துகொண்டவருக்கு, எதிரியின் நீர்மூழ்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் புரியும். வானத்தில் முணுமுணுப்பைக் கேட்ட கப்பல், கடலடியில் முணுமுணுப்பைக் கேட்கப் போனது. 1980களில் பணியிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது.

மூன்று விக்டரி கப்பல்களை அமெரிக்கர்கள் அருங்காட்சியகமாகப் பாதுகாத்து வருகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஒன்று, ரிச்மண்டில் ஒன்று, தாம்பாவில் ஒன்று. கிங்ஸ்போர்ட் அவற்றில் ஒன்றல்ல. அதன் இரும்பு எங்கெங்கோ உருகி, என்னென்னவோ ஆகியிருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்தக் கப்பலின் வரலாற்றில் இரண்டு செய்திகள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, பழையது என்பதாலேயே ஒன்று பயனற்றது ஆகிவிடுவதில்லை. அன்றைய உலகின் மிகப் புதிய கருவியைச் சுமக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய சரக்குக் கப்பலைத்தான். காரணம் எளிது: அதில் இடம் இருந்தது, பலம் இருந்தது, சும்மாவும் கிடைத்தது. புதுக் கப்பல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், சின்காம் மேலே போய்ச் சேர்ந்தபோது லாகோஸில் அதன் குரலைக் கேட்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும், வசதி வரட்டும், புதுக் கட்டடம் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று எத்தனை நல்ல காரியங்களை ஒத்திப் போடுகிறோம்!

இரண்டாவது, ஒரு கருவி நல்லதுக்கா கெட்டதுக்கா என்பதை அது பிறந்த காரணம் தீர்மானிப்பதில்லை. போருக்குப் பிறந்த கப்பல், இரண்டு தலைவர்கள் பேசிக்கொள்ள மேடையாயிற்று. பேசிக்கொள்ளப் பிறந்த துணைக்கோளம் போருக்குப் போனது. ஒவ்வொரு முறையும் தீர்மானித்தது மனிதன்தான். கருவியைப் பழிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அது யார் கையில், எதற்காக என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அடுத்த முறை போர்ட் கிள்ளான் பக்கமோ சிங்கப்பூர்க் கடற்கரைப் பக்கமோ போனால், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே சின்னதாக வெள்ளைக் கூடுகள் தெரியும். அவற்றுக்குள் தட்டுகள் கப்பலின் ஆட்டத்துக்கு எதிராகத் திரும்பிக்கொண்டே வானத்தைப் பார்த்திருக்கும். மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் ஒரு தொழிலாளி, அதன் வழியே, வேலை முடிந்த இரவில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். கிங்ஸ்போர்ட்டின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. இன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.